மூன்று வருஷம் இளையவள்

வட்ட அலுவலகக் கதவில் பட்டியலை ஒட்டிய அன்று எங்கள் முற்றத்தில் ஸ்கூகூ பொறுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மீலாதுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மலைச்சரிவின் ஊசியிலை மரங்கள் தரும் அந்தக் கறுப்பு விதையைக் கல் மண் போகப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, அரைத்து, பாலாக வடித்துக் காய்ச்சினால்தான் மீலாது அன்று அஸீதா என்ற இனிப்புக் களியின் கிண்ணங்கள் வீடு வீடாகப் போகும். இப்போது கடையில் அரைத்த மாவே பொட்டலமாகக் கிடைக்கிறது. எங்கள் வீட்டுக்குள் அது வந்ததில்லை.

தாம்பாளத்தின் முன்னால் என் தம்பி மனைவி ரஃப்லா உட்கார்ந்திருந்தாள். தம்பி பெல்காசம் தவறி ஆறு வருஷமாகிறது. அவன் மகள் தலேந்தாவும் அவள் புருஷன் லம்ஜெத்தும் ரஃப்லாவோடுதான் இருக்கிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஒரே முற்றம். என் மனைவி இறந்தபின் எனக்குச் சாப்பாடு அந்தப் பக்கத்து அடுப்பிலிருந்துதான். ஆனால் மேசையின் தலைமாட்டு நாற்காலி என்னுடையது. நான் உட்காராமல் அங்கே ரொட்டி பிய்க்கப்படுவதில்லை.

நான் முப்பத்தெட்டு வருஷம் ஐன் ஸ்னோபர் தபால் நிலையத்தில் இருந்தவன். கடைசிப் பதினாறு வருஷம் அதற்கு அதிகாரி. என் முத்திரை மங்கலாக விழுந்த உறை ஒன்றை யாராவது காட்டட்டும். ஊரார் தங்கள் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். படித்ததை என் வாயிலிருந்து இன்னொரு காது கேட்டதில்லை. லரூசி கையில் பட்ட காகிதம் பிழையாகாது என்று இந்த ஊரில் சொல்வார்கள். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தலேந்தாவுக்கு வனத்துறையில் வேலை. பதினான்கு வருஷமாக நாட்கூலிப் பட்டியலில் இருந்தாள். குளிர்காலத்தில் நாற்றங்காலில் கறுப்புப் பைகளுக்கு மண் நிரப்பி விதை ஊன்றுவாள். மே மாதம் முதல் அக்டோபர் வரை முகட்டின் மேலுள்ள இரும்புக் கோபுரத்தில் தொலைநோக்கியும் ரேடியோவுமாக உட்கார்ந்து எங்கே புகை எழுகிறதென்று பார்ப்பாள். வருஷா வருஷம், அடுத்த வருஷம் நிரந்தரம் என்பார்கள். அவளும் வருஷா வருஷம் அதைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வாள்.

இந்த வருஷம் அரசாங்கம் நாட்கூலி ஆட்களை இரண்டாகப் பிரித்தது. நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தால் நிரந்தரம். மேலே இருந்தால் பட்டியல் வந்த அன்றோடு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

லம்ஜெத் நகரத்துக்கு வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன். அன்று அவன் பேசாமல் முற்றத்துக்குள் வந்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்ன மாப்பிள்ள, வண்டி படுத்துருச்சா?" என்றாள் ரஃப்லா.

"வண்டி நல்லாத்தான் இருக்கு அத்தை." செல்பேசியை மனைவி பக்கம் நீட்டினான். "ரெண்டாவது தாள். இருபத்தொம்பதாவது பேரு."

தலேந்தா விதை ஒட்டிய விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நாப்பத்தாறுன்னு போட்டிருக்கான்," என்றாள். "சரியாத்தான் போட்டிருக்கான்."

பிறகு மடியிலிருந்த விதைகளைத் தாம்பாளத்தில் உதறிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பத்து நாள் வெளியே வரவில்லை.

ரஃப்லா என்னைப் பார்த்தாள். நான் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

அவள் பார்த்ததற்குக் காரணம் உண்டு. தலேந்தாவுக்கு நாற்பத்தாறு வயதில்லை. நாற்பத்து மூன்று. அது எனக்கும் ரஃப்லாவுக்கும் மட்டும் தெரியும். பெல்காசத்துக்குத் தெரிந்திருந்தது, அவன் போய்விட்டான். இன்னொருவனுக்கும் தெரியும். அவனோடு நான் பேசுவதில்லை.

ரஃப்லாவுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. தலேந்தா என்று பெயர் வைத்து, பெல்காசமே போய்ப் பதிவு செய்தான். நாற்பதாவது நாள் காய்ச்சலில் குழந்தை இறந்தது. அந்தக் காலத்தில் கைக்குழந்தையின் சாவை யார் போய்ப் பதிந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, பெல்காசம் லிபியாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தபோது, பிப்ரவரிப் பனியில் இரண்டாவது பெண் பிறந்தது. பதிவு செய்யும் பொறுப்பைத் தம்பி எனக்குத்தான் விட்டுப்போயிருந்தான். பத்து நாளுக்குள் பதிய வேண்டும். பனி எட்டு நாள் பாதையை அடைத்தது. ஒன்பதாம் நாள் தேங்கிய தபால் மூட்டைகள் வந்தன. பத்தாம் நாளும் அவற்றைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் போனால் நீதிபதி முன்னால் நின்று ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. தபால் நிலையத்துக் குமாஸ்தா லரூசி ஒரு காகிதத்தைத் தாமதித்தான் என்று எழுத்தில் வருவதா?

"காகிதம் ஒண்ணு சும்மாத்தானே இருக்கு," என்று ரஃப்லாவிடம் சொன்னேன். "அதே பேர வச்சுடு. இது இந்தச் செவுத்துக்கு வெளிய போகக் கூடாது."

போகவில்லை. தலேந்தா பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் பிந்திச் சேர்ந்தவளானாள். கல்யாண ஒப்பந்தம் எழுதியபோது நோட்டரி மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு, பெண்ணுக்கு இருபத்து நாலு என்று உரக்கப் படித்தார். சபையில் கொல்லென்று சிரிப்பு. எங்கள் வீட்டில் பெண்களைப் பழுத்த பிறகுதான் கொடுப்போம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அன்றிலிருந்து வேன் நிலையத்தில் லம்ஜெத்தைப் பார்த்தால் மற்ற ஓட்டுநர்கள் "அக்கா சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். அவனும் "அக்கா ஒங்களையெல்லாம் விசாரிச்சா" என்று சொல்லிச் சமாளிக்கிறான்.

தலேந்தா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பத்து நாளும் எங்கள் சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. லம்ஜெத் கதவருகே நின்று ஏதாவது சொல்லிப் பார்ப்பான்.

"இந்தா, சுட்ட மொளகா பெசஞ்சு வச்சிருக்கேன். நானே பெசஞ்சது. உப்பு ஒரு கை கூடப் போயிருச்சு, வந்து திட்டிட்டுப் போ."

"வைங்க."

"திட்ட மாட்டியா?"

"தெம்பு வரட்டும்."

அவன் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து அந்த மிளகாயைத் தானே தின்றான். கண்ணில் நீர் வந்தது. உப்புக்கா என்று நான் கேட்கவில்லை.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியதைச் செய்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு போய் வனத்துறை இன்ஜினியரம்மாவைப் பார்த்தேன். நல்ல பெண். எழுந்து நின்று, 'சீதி' என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பேசினாள்.

"எங்கிட்ட இருந்தா இன்னிக்கே மாத்திருவேன் சீதி லரூசி. அவங்கள மாதிரிப் பொக பாக்கறதுக்கு ஆள் இல்ல. ஆனா வயசு காகிதத்துல இருக்கே. காகிதத்தப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோராம் நாள் ஷ்ஹீலி வீசியது. பாலைவனத்திலிருந்து வரும் அந்தக் காற்று செப்டம்பரில் வீசினால் காடு முழுவதும் வெடிமருந்துபோல ஆகிவிடும். காலையில் தலேந்தா எழுந்தாள். முகம் கழுவி, தபூனா ரொட்டியில் ஆலிவ் எண்ணெய் தடவிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்கடி?" என்றாள் ரஃப்லா.

"கோபுரத்துக்கு."

"வர வேண்டாம்னுதானே சொன்னாங்க."

"எனக்குத்தானே சொன்னாங்க. காத்துக்கும் சொன்னாங்களா?"

அன்று போனாள். மறுநாளும் போனாள். கூலியில்லாமல் அரசாங்கத்துக்குக் காவல் இருக்கிறாள் என்று காப்பிக்கடையில் பேச்சாயிற்று. யாரோ சிரித்ததை என் காதாலேயே கேட்டேன். அவளை இறக்கிக் கூட்டி வருவதென்று தீர்மானித்து நான் முகட்டுக்குப் போனேன்.

கோபுரத்துக்கு இரும்பு ஏணி. முப்பத்தொரு படி. எனக்கு எழுபத்தொன்பது வயது. பாதி ஏறியபோது மேலேயிருந்து சத்தம் வந்தது.

"பெரியப்பா, அங்கயே நில்லுங்க. நான் எறங்கி வர்றேன்."

நடு ஏணியில் நிற்கிற ஆள் இல்லை நான். ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் பேச மூச்சில்லை. அவள் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்து புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். நம்ம வீட்லதான் யாரும் சிரிக்கல. ஊராவது சிரிக்கட்டும்."

"கூலியில்லாம இங்க என்ன இருக்கு?"

"கீழ படுத்திருந்தா செவுரு மட்டும்தான் தெரியுது பெரியப்பா." தொலைநோக்கியை என் கையில் கொடுத்து என் தோளைத் திருப்பினாள். "அந்த மேட்டப் பாருங்க. வெளிர் பச்சையா ஒரு பட்டை தெரியுதா? எட்டு வருஷக் கன்னு. பூராம் எம் பையில மொளச்சது. அதுக்கு அந்தப் பக்கம் கருகின எடம், போன வருஷம் போனது. நான் ரேடியோவுல கத்தாம இருந்திருந்தா இந்தப் பட்டையும் போயிருக்கும். இதப் பாத்துக்கிட்டு இருந்தா மூச்சு ஒழுங்கா வருது. அவ்வளவுதான்."

எனக்குத் தெரிந்தது மங்கலான பச்சை மட்டுமே. கண்ணாடியை வைத்துவிட்டு வந்திருந்தேன். தெரிகிறது என்றேன்.

"ஒண்ணரை வருஷம், பெரியப்பா. ஒண்ணரை வருஷம் பிந்திப் பொறந்திருந்தா நான் மொதல் தாள்ல இருப்பேன். ஏம்மா அவசரப்பட்டேன்னு அம்மாவக் கேட்டேன். சும்மா சிரிக்கத்தான் கேட்டேன். அம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க."

காற்றில் கோபுரம் லேசாக ஆடியது. நான் சாக்கை விட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பனி, தபால் மூட்டை, பத்து நாள், சும்மா இருந்த காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவள் விரலை மடக்கி எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

"அப்ப எனக்கு நாப்பத்து மூணா?"

"பிப்ரவரி வந்தா நாப்பத்து நாலு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "முட்டி வலிக்குதே, வயசாயிருச்சுன்னு நெனச்சேன். நாப்பத்தாறு முட்டின்னு ரெண்டு வருஷமாத் தைலம் போட்டேன். மூணு வருஷத்த எடுத்து வச்சுக்கிட்டு இப்பத் திருப்பித் தர்றீங்க. நல்ல தபால்காரர் நீங்க. இவ்வளவு தாமதமா ஒரு பார்சல் யாருக்கும் வந்திருக்காது."

இந்தப் பேச்சை வேறு யாராவது என்னிடம் பேசியிருந்தால் அவனோடு அதுவே கடைசிப் பேச்சு. அவளிடம் வாங்கிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அந்தப் பாப்பாவுக்கும் தலேந்தாதானா?"

"அவ பேருதான் ஒனக்கு."

"அப்ப பட்டியல்ல இருக்கறது அவ. வேலை போனது அவளுக்கு." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை பெல்காசத்தின் பார்வை. "இத கோர்ட்டுல சொல்லுவீங்களா பெரியப்பா? எனக்குச் சொன்ன மாதிரி மெதுவா இல்ல. சத்தமா."

"நம்ம குடும்பம் கோர்ட்டுப் படி ஏறினதில்ல."

"நீங்க இந்த ஏணி ஏறுவீங்கன்னும் நான் நெனச்சதில்ல."

இறங்கும்போது அவள் எனக்கு ஒரு படி கீழே இறங்கினாள், நான் விழுந்தால் பிடிக்க. நான் விழவில்லை.

அன்று மதியம் விஷயத்தைக் கேட்ட லம்ஜெத் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"இருங்க. நான் அவளவிடப் பெரியவனா?"

"ஒரு வருஷம்," என்றேன்.

"ஒரு வருஷம்." நாற்காலியிலிருந்து எழுந்து என் தலையில் முத்தமிட்டான். "மாமா, நிரந்தரம் கெடைக்குது, கெடைக்கல, எனக்கு அந்தத் தீர்ப்பு நகல் ஒண்ணு வேணும். வேன் கண்ணாடியில ஒட்டணும்."

"மொதல்ல தீர்ப்பு வரட்டும், மூத்தவரே," என்றாள் தலேந்தா.

அவன் நீதிமன்றத்தில் விசாரித்து வந்தான். பிறப்பைத் திருத்தக் குடும்பத்துக்கு வெளியேயிருந்தும் ஒரு சாட்சி வேண்டும். முதல் குழந்தை இறந்ததையும் இரண்டாவது பிறந்ததையும் கண்ணால் கண்ட ஆளாக இருக்க வேண்டும். மருத்துவச்சி இல்லை. பழைய இமாம் இல்லை. மீதி இருந்தவன் முடிதிருத்தும் கமாயிஸ் ஒருவன்தான்.

கமாயிஸின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. நடுவில் சப்பாத்திக்கள்ளி வேலி. அது யார் வீட்டு வேலி என்பதில் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. அது எங்கள் அப்பா நட்டது. அவன் தன் அப்பா நட்டது என்கிறான். அவன் தவறாகச் சொல்கிறான். பன்னிரண்டு வருஷமாக என் முகத்தை நானே மழித்துக்கொள்கிறேன்.

காலையில் அவன் வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக்குத் தீவனம் போடும் நேரம் பார்த்துப் போய் நின்றேன்.

"கமாயிஸ்."

அவன் கோழிகளிடம் சொன்னான். "கேட்டீங்களாடி? வேலி பேசுது."

"உங்கிட்ட ஒரு காரியம் ஆகணும்."

"எந்தக் காரியம்னு தெரியும். பட்டியல் ஒட்டின அன்னைக்கே தெரியும். இந்த மனுசன் எத்தன நாளுல வர்றான்னு எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். இருபத்தோரு நாள்." தீவனப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். "வர்றேன். சாட்சி சொல்றேன். ஆனா கோர்ட்டுக்கு இந்த மூஞ்சியோட வரக் கூடாது. தாடைக்குக் கீழ பாத்திருக்கியா? ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. வெள்ளிக்கெழம கடைக்கு வந்து என் நாக்காலியில ஒக்காரு."

"வெள்ளிக்கிழமை கூட்டமா இருக்கும்."

"அதான் வெள்ளிக்கெழம."

வெள்ளிக்கிழமை காலை தொழுகைக்கு முன் அவன் கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெந்நீர்த் துண்டு போட்டு, நுரை பூசி, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டியபடி கமாயிஸ் சாவகாசமாகக் கேட்டான்.

"அப்புறம் லரூசி, அந்த வருஷம் பனி எத்தன நாளு?"

கண்ணாடியில் ஒன்பது முகங்களும் தெரிந்தன. கத்தி என் தொண்டையருகில் இருந்தது. எழுந்து போவதென்றால் நுரையோடு போக வேண்டும்.

"எட்டு நாள்," என்றேன்.

"ஒம்பதாம் நாள் பாதை தெறந்துச்சா?"

"திறந்துச்சு."

"போனியா?"

"போகல. என் தப்பு."

கத்தி ஒரு கணம் நின்றது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை. பிறகு வழக்கத்தைவிட மென்மையாக மழித்தான். பெஞ்சியிலிருந்து மாவு மில்காரன் சொன்னான், "எங்க வீட்லயும் பெரியவனுக்கு அப்படித்தான். செத்துப்போன அவன் அண்ணன் காகிதந்தான். ராணுவத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கூப்ட்டுட்டானுங்க." இன்னொருவர் தனக்கே தன் பிறந்த நாள் தெரியாது, அறுவடைக்கு முன்னால் என்பது மட்டும் தெரியும் என்றார். யார் வீட்டில் எந்தக் காகிதம் எப்படிப் பிழையானது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லித் தொழுகை அழைப்பு வரைக்கும் சிரித்தார்கள். நாற்பத்து மூன்று வருஷமாக நான் காவல் காத்தது ஊரில் பாதி வீடுகளில் கிடந்த பொருள்தான். எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நீதிமன்றத்தில் நீதிபதி இளம்பெண். என் பேத்தி வயது இருக்கும். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். தலேந்தா பின்வரிசையில் இருந்தாள், அவளுக்கும் கேட்க வேண்டும்.

கமாயிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மொதக் கொழந்தய அடக்கம் பண்ணப் பெல்காசத்தோட நான்தான் போனேன், அம்மா. பாதி வழிக்கு மேல அவனால தூக்க முடியல. நான் வாங்கிக்கிட்டேன். ஒரு ரொட்டி கனந்தான் இருந்துச்சு. ரெண்டாவது பொறந்தப்ப நான்தான் பனியில வெறகு கொண்டுபோய்ப் போட்டேன். இந்தா இருக்காளே, இவதான் அது. அன்னைக்கே நல்ல கொரலு."

"பிறந்த தேதிக்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டாள்.

இல்லையென்று சொல்ல நான் வாயெடுத்தேன். ரஃப்லா எழுந்தாள். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு தபால் அட்டை. லிபியாவில் இருந்த பெல்காசத்துக்கு நான் போட்டது. இன்று பெண் பிறந்தாள், தாயும் சேயும் நலம், அண்ணன் லரூசி. மூலையில் ஐன் ஸ்னோபர் முத்திரை, தேதியோடு.

"ஊருக்கு வந்தப்ப அவரு சட்டைப் பையில இருந்துச்சு," என்றாள் ரஃப்லா. "வச்சிருந்தேன்."

"நாப்பத்து மூணு வருஷமாவா?" என்றேன், நீதிமன்றம் என்பதை மறந்து.

"செவுத்துக்கு வெளிய போகக் கூடாதுன்னீங்க அத்தான். போகல."

நீதிபதி அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். "முத்திரை மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது," என்றாள்.

"எப்போதும் அப்படித்தான் விழும்," என்றேன். பின்வரிசையில் லம்ஜெத் இருமுவதுபோல ஒரு சத்தம் செய்தான்.

இரண்டாவது குழந்தையின் பிறப்பை எழுத வேண்டுமானால் முதல் குழந்தையின் இறப்பை முதலில் எழுத வேண்டும் என்று நீதிபதி விளக்கினாள். ரஃப்லாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, சம்மதமா என்று கேட்டாள்.

"எழுதுங்கம்மா," என்றாள் ரஃப்லா. "முழுப் பேரும் எழுதுங்க. அவளுக்குன்னு ஒரு காகிதம் இருக்கட்டும்."

தீர்ப்பு மீலாதுக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. லம்ஜெத் வேனில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நேரே வனத்துறை அலுவலகத்துக்குப் போனான். வழியில் கை காட்டியவர்களிடம் "இது குடும்ப வண்டி, அடுத்ததுல வாங்க" என்று கத்திக்கொண்டு போனான். இன்ஜினியரம்மா தீர்ப்பை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது தாளில் இருபத்தொன்பதாவது பெயரைப் பேனாவால் அடித்தாள். முதல் தாளின் அடியில் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினாள். பாதிதான் விழுந்தது. நான் கையை நீட்டினேன். அவள் முத்திரையைக் கொடுத்தாள். மையில் ஒற்றி, மணிக்கட்டைத் திருப்பாமல், ஒரே அழுத்து. தேதி, வட்டம், நட்சத்திரம் எல்லாம் விழுந்தன.

தலேந்தா அந்த முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்தாள். அது காய்ந்து வெகு நேரமான பின்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எங்கள் முற்றம் முழுக்கக் கிண்ணங்கள். கறுப்பு அஸீதாவின் மேல் வெள்ளைப் பாலேடு, அதன் மேல் பாதாம், பிஸ்தா, வெள்ளி மிட்டாய். வேன் நிலையத்துக்கு அனுப்பும் பதினோரு கிண்ணங்களை மட்டும் லம்ஜெத் யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொன்றிலும் வெள்ளி மிட்டாயை வரிசையாக வைத்து 43 என்று எழுதினான்.

"இனிமே அக்கான்னு சொல்றவன் இதத் தின்னுட்டுச் சொல்லட்டும்."

"தங்கச்சி சௌக்கியமான்னு கேப்பாங்க," என்றாள் தலேந்தா.

"கேக்கட்டும். அத கேக்கத்தானே இருபத்திரண்டு வருஷமா உக்காந்திருக்கேன்."

நான் கிண்ணங்களை எண்ணினேன். வருஷா வருஷம் எண்ணுவது என் வேலை. வருஷா வருஷம் ஒன்று அதிகமாக இருக்கும். கணக்குத் தப்பாக வார்க்கிறாய் என்பேன். இருக்கட்டும் அத்தான் என்பாள் ரஃப்லா. வழியில் போகும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள். நாற்பத்தாறு வருஷமாக நான் அதைத் தப்பு என்றே எண்ணி வந்தேன்.

இந்த வருஷமும் ஒன்று அதிகம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ரஃப்லாவே அதை எடுத்து, மேலே ஒரே ஒரு பாதாமை நடுவில் வைத்து, என் கையில் கொடுத்தாள்.

"இத கமாயிஸுக்குக் கொண்டுபோங்க. அவளக் கடைசியாத் தூக்கினவரு அவருதான்."

வாசல் வழியாகச் சுற்றிப் போனால் தெருவைத் தாண்ட வேண்டும். வேலியில் ஓர் இடைவெளி உண்டு. பன்னிரண்டு வருஷமாக நான் பார்க்காதது. அதன் வழியாகப் போனேன். கள்ளி முள் கோட்டில் பிடித்தது. கமாயிஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஒற்றைப் பாதாமைப் பார்த்தான். கிண்ணத்தை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

அன்று பின்னேரம் மழை வந்தது. அந்தப் பருவத்தின் முதல் மழை. தலேந்தா கோபுரத்துச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அரைக்காமல் மீதி இருந்த ஸ்கூகூவில் ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். நாளை நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்பும் வேலை தொடங்கும் என்றாள்.

"அரசாங்கம் வெத குடுக்காதா?" என்றேன்.

"குடுக்கும். இது நான் குடுக்கறது."

அப்போது வேலி இடைவெளியில் கமாயிஸின் தலை தெரிந்தது. கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். எங்கள் ஊரில் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. தோல் சீவிய கள்ளிப்பழம், ஆறு, மழைத்துளியோடு ஆரஞ்சு நிறத்தில் மினுங்கின.

"எந்தப் பக்கத்துல பறிச்சது?" என்றேன்.

"நீயே தின்னு பாத்துச் சொல்லு."

ஒன்று தின்றேன். நல்ல இனிப்பு. எங்கள் பக்கத்துப் பழம்தான். சந்தேகமே இல்லை. ஆனால் அவனிடம் அதைச் சொல்லவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டு, அவன் உட்கார ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னேன்.